கோர்ட்ல ‘சரிங்க’ன்னு சொன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம்?

(பேசினதை அப்படியே போடாம, படிக்க வசதியா கொஞ்சம் திருத்திப் போட்டிருக்கோம். ‘அப்புறம்’, ‘ஆக்சுவலி’ எல்லாம் முடிஞ்ச அளவுக்கு எடுத்தாச்சு.)

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் நான் பண்ணின ஒரு தப்பு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி கர்நாடகாவுல ஒரு சின்ன ஊர் கோர்ட்டுக்கு ஃபிரெண்டோட போயிருந்தேன். அவனுக்கு ஒரு செக் பவுன்ஸ் கேஸ், நான் வெறும் துணைக்கு. கடைசி பெஞ்சுல உக்காந்து போனை நோண்டிட்டு இருந்தேன். அப்போ ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. அம்பது வயசு இருக்கும், ஒடிசலா இருந்தார், தோள்ல துண்டு. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போனார்னு வனத்துறை போட்ட கேஸ். அவருக்குக் கன்னடம் சுத்தமா தெரியல. ஃபைல்ல இருந்த அவரோட சான்றிதழ்ல ‘மலையாளி’ன்னு இருந்துச்சு. உடனே கோர்ட் ஊழியர் ஒருத்தர் வெளிய போய், மலையாளம் தெரிஞ்ச ஒரு பேக்கரிக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டார்!

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். நான் கொல்லிமலை, குண்டனி நாடு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற மலை. அங்க இருக்கிற பழங்குடி மக்களோட பேர் ‘மலையாளி’. கேரளாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மலையில இருக்கிற ஆள், அதனால மலையாளி. சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகள்லயும் இதே பேர்ல மக்கள் இருக்காங்க. பேசுறது தமிழ்.

பேக்கரிக்காரர் ரெண்டு வார்த்தை மலையாளத்துல கேட்டுட்டுக் கையை விரிச்சுட்டார். ‘தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?’ன்னு கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். யாரும் சத்தியம் வாங்கல, பேர்கூடக் கேக்கல. எனக்கு என்ன கன்னடம் தெரியும்? ஆபீஸ் கேன்டீன்லயும் ஆட்டோலயும் பொறுக்கின கன்னடம்.

மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழ்ல கேட்டேன்: “நீங்க பெர்மிஷன் இல்லாம ஃபாரஸ்ட்டுக்குள்ள போனீங்கன்னு சொல்றாங்க. தப்பை ஒத்துக்கறீங்களா?” அவர் கை கட்டி, தலையை ஆட்டி, “சரிங்க சாமி” அப்படின்னார். நான் திரும்பி, “ஹௌது அந்தாரெ” அப்படின்னேன். ‘ஆமாங்கறார்’னு அர்த்தம்.

என் வாழ்க்கையில நான் பண்ணின மோசமான மொழிபெயர்ப்பு அதுதான். எங்க ஊர்ல பெரியவங்க, அதிகாரிங்க பேசும்போது ‘சரிங்க’ன்னா ‘நீங்க சொல்றது காதுல விழுது, மேல சொல்லுங்க’ன்னு அர்த்தம். ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. எங்க அப்பா பேங்க் மேனேஜர்கிட்ட லோன் இல்லைன்னு கேட்டுட்டுக்கூட ‘சரிங்க’ன்னுதான் சொல்லிட்டு வந்தார். எனக்கு இது தெரியும். ஆனா அந்த நிமிஷம் தோணல.

நல்லவேளையா அங்க இருந்த இலவச சட்ட உதவி வக்கீலம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எந்திரிச்சு, “இவர் குற்றத்தை ஒத்துக்கல, மரியாதைக்குச் சொல்றார், டைம் குடுங்க” அப்படின்னாங்க. மாஜிஸ்திரேட்டும் குடுத்தார். கேஸ் தள்ளிப் போச்சு. அவங்க அன்னிக்கு இல்லாம இருந்திருந்தா, என் ஒரு ‘ஹௌது’ல அந்த மனுஷன் குற்றவாளி. இதுல இன்னொண்ணு என்னன்னா, இந்த மாதிரி சின்னக் கேஸ்ல குற்றம்சாட்டப்பட்டவர் ஒத்துக்கிட்டார்னா, அதை முடிஞ்ச வரைக்கும் அவர் சொன்ன வார்த்தையிலயே பதிவு பண்ணணும்னு சட்டம் சொல்லுது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 252, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புதுச் சட்டத்துல 275. அன்னிக்குப் பதிவாக இருந்தது அவர் வார்த்தை இல்ல, என் வார்த்தை.

பஸ்ல வரும்போது இதையேதான் யோசிச்சிட்டு வந்தேன். இவ்வளவு பெரிய நாடு. 2011 சென்சஸ் கணக்குப்படி பத்தாயிரம் பேருக்கு மேல பேசுற மொழிகளே 121. அப்போ கோர்ட்ல மொழிபெயர்க்கிற வேலை யாரோடது? அதுக்குன்னு ஆள் இருக்காங்களா, தேர்வு இருக்கா, சம்பளம் இருக்கா? வந்து தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல கோர்ட்டோட மொழி என்னன்னு பாத்துடுவோம். அரசியல் சாசனம் 348ஆவது பிரிவு: உச்ச நீதிமன்றத்துலயும் உயர் நீதிமன்றங்கள்லயும் பார்லிமென்ட் வேற மாதிரி சட்டம் போடுற வரைக்கும் ஆங்கிலம்தான். ஆளுநர், ஜனாதிபதி ஒப்புதலோட, ஹைகோர்ட்ல இந்தியையோ மாநில மொழியையோ அனுமதிக்கலாம். ராஜஸ்தானுக்கு 1950லயும், உத்தரப்பிரதேசத்துக்கு 1969லயும், மத்தியப்பிரதேசத்துக்கு 1971லயும், பீகாருக்கு 1972லயும் இந்திக்கு அனுமதி கிடைச்சுது. தமிழுக்காக நம்ம சட்டமன்றம் 2006ல தீர்மானம் போட்டுச்சு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லாரும் கூடி 2012ல அதை ஏத்துக்கல. குஜராத், மேற்கு வங்கம், கர்நாடகா, சத்தீஸ்கர் கேட்டதுக்கும் அதே பதில்தான்.

இந்தியில பேசினா மட்டும் உச்ச நீதிமன்றத்துல விட்டுடுவாங்களான்னா, அதுவும் இல்ல. 1970ல ராஜ் நாராயண் ஒரு வழக்குல நான் இந்தியிலதான் வாதாடுவேன்னு நின்னார். கோர்ட் மூணு வழி சொல்லுச்சு: ஆங்கிலத்துல பேசுங்க, இல்ல உங்க வக்கீலைப் பேச விடுங்க, இல்ல ஆங்கிலத்துல எழுதிக் குடுங்க. அவர் எதுக்கும் ஒத்துக்கல. அந்த வழக்குல அவர் தலையிடுறதுக்குக் குடுத்த அனுமதியையே ரத்து பண்ணிட்டாங்க. கவனிச்சீங்களா? அந்த மூணு வழியில ‘மொழிபெயர்ப்பாளர் வெச்சுக்கலாம்’ங்கிறது இல்லவே இல்ல.

கீழ் கோர்ட் கதை வேற. அங்க எந்த மொழின்னு மாநில அரசு முடிவு பண்ணும். தமிழ்நாட்டுல 1956 ஆட்சிமொழிச் சட்டத்தை 1976ல திருத்தி, கீழ் கோர்ட்ல சாட்சியமும் தீர்ப்பும் தமிழ்லன்னு கொண்டு வந்தாங்க. தேவைப்பட்டா ஆங்கிலத்துக்கு ஹைகோர்ட் அனுமதி குடுக்கலாம்னு ஒரு கதவையும் திறந்து வெச்சாங்க.

இப்போ நம்ம விஷயம். சாட்சி சொல்றது குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியா இருந்தா, அதைத் திறந்த கோர்ட்ல, அவருக்குப் புரியுற மொழியில மொழிபெயர்த்துச் சொல்லியே ஆகணும். பழைய பிரிவு 279, புதுசுல 314. ‘சொல்லலாம்’ இல்ல, ‘சொல்லணும்’. படிக்கும்போது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா, கோட் ரிவ்யூ பண்ற மாதிரி படிச்சேன். ‘சாட்சியம்’னு இருக்கு. வக்கீல் வாதம்? அதைப் பத்திப் பேச்சே இல்ல. ‘அவர் நேர்ல இருந்தா’ன்னு இருக்கு. அவர் வராம வக்கீல் மட்டும் வந்திருந்தா, வக்கீலுக்குப் புரிஞ்சாப் போதும். ஆவணங்களைத் தாக்கல் பண்ணும்போது எவ்வளவு மொழிபெயர்க்கணும்ங்கிறது நீதிபதி இஷ்டம்.

அப்புறம் பிரிவு 282, இப்போ 317: மொழிபெயர்ப்பாளர் உண்மையா மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர். தெரிஞ்சே தப்பா மொழிபெயர்த்தா அது பொய் சாட்சி. மெக்காலே காலத்துத் தண்டனைச் சட்டத்துல, பொய் சாட்சின்னா என்னங்கிறதுக்கு உதாரணமாவே ஒரு மொழிபெயர்ப்பாளரைத்தான் காட்டியிருக்காங்க. கோர்ட்ல பொய் சாட்சி சொன்னா ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். இதைப் படிச்சப்போ என் ‘ஹௌது’ ஞாபகம் வந்து வயிறு கலங்கிடுச்சு. நான் தெரிஞ்சு பண்ணல, சத்தியமும் வாங்கிக்கல. ஆனா ‘சத்தியம் வாங்கிக்கல’ங்கிறது எனக்கு நல்ல செய்தி, அந்த மனுஷனுக்குக் கெட்ட செய்தி, இல்லையா?

மொழிபெயர்க்கணும்னு சட்டம் சொல்லுது. தப்பாப் பண்ணினா தண்டனைன்னும் சொல்லுது. ஆனா யார் பண்ணணும், அவங்களுக்கு என்ன தகுதி, எங்க இருந்து வருவாங்க, யார் காசு குடுக்கணும், இது எதையும் இந்தப் பிரிவுகள் சொல்லல. கோடு எழுதுற மக்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, ஃபங்ஷன் பேர் இருக்கு, உள்ள ஒண்ணுமே எழுதல.

ஆனா ஒரு காலத்துல உள்ள எழுதியிருந்தாங்க. இதுதான் எனக்கு ஆச்சரியம். கம்பெனி ஆட்சியில வெள்ளைக்கார நீதிபதிக்கு உள்ளூர் மொழி தெரியாது, அதனால மொழிபெயர்ப்பாளர் இல்லாம கோர்ட்டே நடக்காது. சென்னை சதர் கோர்ட்ல வென்னெலகண்டி சுப்பாராவ்னு ஒருத்தர் மொழிபெயர்ப்பாளரா இருந்தார். தெலுங்கர், தமிழ், கன்னடம், மராத்தின்னு பல மொழி தெரிஞ்சவர். தன் வாழ்க்கைக் கதையை ஆங்கிலத்துல எழுதி வெச்சார். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, 1873ல சென்னையில அது புத்தகமா வந்துச்சு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நமக்கு ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதினவரா, மிஞ்சிப்போனா முன்சீப்பாத்தான் தெரியும். அவரும் திருச்சி ஜில்லா கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்துட்டுத்தான் முன்சீப் ஆனார். சட்டத் தீர்ப்புகளைத் தமிழ்ல கொண்டு வந்ததும் அவர்தான். அப்போ கோர்ட்ல மொழிபெயர்க்கிறது மதிப்பான உத்தியோகம். அதுல இருந்து நீதிபதி நாற்காலிக்கே போகலாம்.

இதோட மிச்சம் இன்னிக்கும் சட்டத்துல ஒட்டிட்டு இருக்கு. 1969 சத்தியப்பிரமாணச் சட்டத்தின்படி, கோர்ட்ல மொழிபெயர்க்கிறவர் சத்தியம் எடுக்கணும். ஆனா ‘கோர்ட்டின் அலுவல்முறை மொழிபெயர்ப்பாளர்’ வேலையில சேர்ந்துட்டார்னா ஒவ்வொரு தடவையும் எடுக்கத் தேவையில்லைன்னு ஒரு விலக்கு இருக்கு. அதாவது சட்டம் எழுதினவங்க மனசுல, கோர்ட்டுக்குன்னு சம்பளத்துக்கு ஒரு ஆள் உக்காந்திருக்கிற மாதிரி படம் இருந்திருக்கு. அப்புறம் நாற்காலி இருக்கு, ஆள் போயிட்டார். நீதிபதிகள் நம்மாளுங்களே ஆனதும், ‘நீதிபதிக்குத்தான் மொழி தெரியுமே’ன்னு விட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். நீதிபதிக்குப் புரியணும்னு உருவான பதவி அது. கூண்டுல நிக்கிறவருக்குப் புரியணும்னு யாரும் அதைத் திரும்ப டிசைன் பண்ணல.

இப்போ இருக்கிற ‘மொழிபெயர்ப்பாளர்’ பதவிகள் பெரும்பாலும் காகிதத்துக்கானவை. கீழ் கோர்ட்ல தமிழ்ல பதிவான சாட்சியம் மேல்முறையீட்டுக்கு ஹைகோர்ட் போகும்போது ஆங்கிலமாகணும். அதுக்கு ஆள் இருக்காங்க. வாயால பேசுறதை வாயால மாத்துறதுக்கு? கோர்ட் ஊழியர், அந்தப் பக்கமா போன வக்கீல், சில சமயம் கூட வந்த போலீஸ்காரர், இல்ல என்னை மாதிரி கடைசி பெஞ்ச் ஆசாமி. திருப்பூர், கோயமுத்தூர்ல ஒடியா, பெங்காலி பேசுற தொழிலாளி ஒருத்தர் கூண்டுல ஏறினா என்ன நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். ‘இந்தி தெரிஞ்சவர் இருக்காரா?’ன்னு கேப்பாங்க. ஒடியாக்காரருக்கு இந்தி தெரியுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு அவர் ‘இந்திக்காரர்’. நம்ம ஆள் ‘மலையாளி’ ஆன மாதிரிதான்.

சரி, தமிழ்நாட்டு கோர்ட், தமிழ் சாட்சி, தமிழ் நீதிபதி. இங்க பிரச்சினையே இல்லைன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு சாட்சியப் பதிவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. எங்க பாட்டி “பொழுது சாயுற நேரத்துல சத்தம் கேட்டுச்சு, ஓடிப்போய்ப் பாத்தனுங்க” அப்படிம்பாங்க. பதிவுல ‘மாலை சுமார் ஆறு மணியளவில் சத்தம் கேட்டு சம்பவ இடத்திற்குச் சென்று பார்த்தேன்’னு இருக்கும். பாட்டிகிட்ட வாட்சே கிடையாது! அந்த ‘ஆறு மணி’ யாரோடது? அப்புறம் குறுக்கு விசாரணையில, “போலீஸ்கிட்ட ஆறரைன்னு சொன்னீங்களே?”ன்னு கேப்பாங்க. பேச்சுத் தமிழ்ல இருந்து கோர்ட் தமிழுக்குப் போறதே ஒரு மொழிபெயர்ப்பு. அதை நீதிபதி, கேட்டுக்கிட்டே, தானே சொல்லி டைப் பண்ண வைக்கிறார். அங்க இருந்து ஆங்கிலம் ரெண்டாவது தாவல்.

அந்த ரெண்டாவது தாவல்ல விழுற சில விஷயங்கள் ரொம்பச் சின்னது. ‘அண்ணன்’. நமக்குக் கூடப் பிறந்தவரும் அண்ணன், பெரியப்பா மகனும் அண்ணன். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுட்டா, பாகப்பிரிவினை வழக்குல குடும்ப மரமே மாறிப்போகும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது: நாம, நாங்க. “நாம போலாம்னு மேஸ்திரி சொன்னாரு”ன்னா நானும் போற கூட்டத்துல இருக்கேன். “நாங்க போறோம்னு மேஸ்திரி சொன்னாரு”ன்னா நான் இல்ல. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இன்னிக்குப் பேசுற கன்னடத்துலயும் ஒண்ணுதான், ‘நாவு’. தெலுங்குல நம்மள மாதிரியே ரெண்டு இருக்கு. கூட்டாச் சேர்ந்து குற்றம் பண்ணினாங்கன்னு ஒரு கேஸ் இருந்தா, ஒரு மனுஷன் உள்ளயா வெளியயாங்கிறதை இந்த ஒரு வார்த்தை முடிவு பண்ணலாம். அந்தக் காட்டுக் கேஸ்காரர் பின்னாடி எங்கிட்ட வெளிய பேசும்போது, எஸ்டேட்ல மிளகு பறிக்க வந்ததாகவும் மேஸ்திரி “நாங்க போறோம்”னு சொன்னதாகவும்தான் சொன்னார். உள்ள இதைச் சொல்லியிருந்தா நான் ‘நாவு’ன்னு தட்டி விட்டிருப்பேன். சந்தேகமே இல்ல.

இது தனி ஒருத்தர் கதை மட்டும் இல்ல. சேஷாசலம் காட்டு செம்மரக் கேஸ்கள்ல ஆந்திராவுல பிடிபட்டவங்கள்ல பெரும்பகுதி ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலைப் பக்கத்து ஆட்கள். 2015 ஏப்ரல் 7ல இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டப்போதான் நாடே திரும்பிப் பாத்துச்சு. அதுக்கு முன்னாடி, 2013 டிசம்பர்ல ரெண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்குல நூத்துக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகளைப் பிடிச்சாங்க. பல பேர் ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க. 2016ல திருப்பதி கோர்ட் அவங்களை விடுதலை பண்ணுச்சு. ரெண்டு வருஷம், தெலுங்குல நடக்கிற ஒரு கேஸுக்குள்ள, தமிழ் மட்டும் தெரிஞ்ச மலைக்காரங்க. அன்னன்னிக்கு உள்ள என்ன பேசினாங்கன்னு அவங்களுக்கு எத்தனை நாள் யார் சொல்லியிருப்பாங்க?

போலீஸ்காரர் மொழிபெயர்க்கிறதைப் பத்தி உச்ச நீதிமன்றம் பேசியிருக்கு, ஆனா தடுப்புக் காவல் விஷயத்துல. 1962ல ஹரிகிசன் வழக்கு. காவல்ல வெச்சதுக்கான காரணத்தை ஆங்கிலத்துல குடுத்தாங்க, அவருக்கு இந்திதான் தெரியும். வாயால மொழிபெயர்த்துச் சொன்னோமேன்னு அரசு சொல்லுச்சு. அது பத்தாதுன்னு சொல்லி அவரை விடுவிச்சாங்க. லல்லுபாய் வழக்குல, குஜராத்தியில விளக்கிச் சொன்னேன்னு ஒரு போலீஸ் அதிகாரியே சொன்னார். அதுவும் பத்தாது, அவருக்குத் தெரிஞ்ச மொழியில எழுதிக் கையில குடுக்கணும்னாங்க. நியாயமான வாதம். இதே கறார் சாதாரண கேஸ்ல, தினசரி விசாரணையில ஏன் இல்லைங்கிறதுதான் என் கேள்வி.

அப்போ இந்தியாவுல எங்கயுமே ஒழுங்கா டிசைன் பண்ணலையா? ஒரு இடத்துல பண்ணியிருக்காங்க: போக்சோ. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 சட்டம். பிரிவு 38 குழந்தையோட சாட்சியத்தை எடுக்கும்போது மொழிபெயர்ப்பாளர் வெச்சுக்கலாம்னு சொல்லுது. அதோட நிக்காம, 2020 விதிகள்ல உள்ள இறங்கி எழுதியிருக்காங்க. ஒவ்வொரு மாவட்டத்துலயும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் பேர், விலாசம், போன் நம்பரோட ஒரு பதிவேடு வெச்சிருக்கணும். போலீஸோ கோர்ட்டோ கேட்டா குடுக்கணும். கூலி உண்டு. அது திறன்மிக்க தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ போகக் கூடாது. பாரபட்சம் இருக்கக் கூடாது, சொந்தபந்தம் ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லணும், கேட்டதை வெளிய சொல்லக் கூடாது.

தகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. டிகிரி கேக்கல. அந்த மொழி தாய்மொழியா இருக்கலாம், தொடக்கப் பள்ளி வரைக்கும் அதுல படிச்சிருக்கலாம், இல்ல வேலையாலயோ அந்த ஊர்ல குடியிருந்தோ கத்திருக்கலாம். இதை எழுதினவங்களுக்கு இந்தியா தெரிஞ்சிருக்கு. இருளர் பேச்சுக்கோ, நரிக்குறவர்கள் பேசுற வாக்ரிபோலிக்கோ டிகிரி எங்க போய் வாங்குறது? அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர் வரலாம், அங்க பத்து வருஷம் இருந்த நர்ஸ் வரலாம். பதிவேடு நிஜமா நிரம்பியிருக்கான்னு மாவட்டத்துக்கு மாவட்டம் போய்ப் பாக்கணும், அது வேற. ஆனா டிசைன் இருக்கு. இதை அப்படியே எடுத்து மத்த கேஸ்களுக்கும் போட்டா என்ன? நான் நாலு எபிசோடா கேட்டுட்டு இருக்கிற ‘ஏற்கெனவே ஒரு இடத்துல வேலை செய்யிறதை ஏன் காப்பி பண்ண மாட்டேங்கிறோம்’ங்கிற அதே கேள்வி.

சைகை மொழியிலயும் ஓரளவு நகர்ந்திருக்கு. வாய் பேச முடியாத சாட்சியைக் கேக்கும்போது மொழிபெயர்ப்பாளர் உதவியை எடுத்தே ஆகணும், வீடியோ பிடிக்கணும்னு 2013ல சாட்சியச் சட்டத்தைத் திருத்தினாங்க. 2023 செப்டம்பர்ல சாரா சன்னிங்கிற காது கேளாத வக்கீல், சைகை மொழிபெயர்ப்பாளரோட உச்ச நீதிமன்றத்துல ஆன்லைன்ல ஆஜரானாங்க. அடுத்த மாசம் கோர்ட்டே மொழிபெயர்ப்பாளரை நியமிச்சுது.

வெளிநாட்டைச் சுருக்கமா. இலங்கை அரசியல் சாசனம் 24ஆவது பிரிவு, கோர்ட்ல நடக்கிற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே சிங்களத்துலயோ தமிழ்லயோ மொழிபெயர்ப்பு குடுக்கணும்னு உரிமையாவே எழுதியிருக்கு. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்ங்கிறது அங்க ஒரு அரசு உத்தியோகம். தமிழ் தெரிஞ்சவங்க பத்தாம கேஸ் தள்ளிப்போறதும் அங்க பழைய புகார்தான். ஆனா ஆள் இல்லைன்னு புகார் பண்ணவாவது ஒரு நாற்காலி இருக்கு. சிங்கப்பூர்ல கோர்ட் மொழி ஆங்கிலம். சீனம், மலாய், தமிழுக்குக் கோர்ட்லயே மாசச் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்காங்க. அமெரிக்காவுல 1978லயே ஃபெடரல் கோர்ட்டுக்குன்னு தனிச் சட்டம் போட்டு, தேர்வு வெச்சு சான்றிதழ் குடுக்கிறாங்க. அந்தத் தேர்வு முக்கியமா ஸ்பானிஷுக்குத்தான், அதனால அங்கயும் தமிழருக்குத் தனி வழிதான்.

கமெண்ட்ல வரப்போற கேள்வி தெரியும்: “ப்ரோ, ஏஐ எதுக்கு இருக்கு?” உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 26ல ‘சுவாஸ்’னு ஒரு மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேரைக் கொண்டு வந்துச்சு. தீர்ப்புகளை ஆங்கிலத்துல இருந்து தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு மாத்துறதுக்கு. 2023 பிப்ரவரியில அரசியல் சாசன அமர்வு விசாரணையை ஏஐ வெச்சு நேரடியா எழுத்தாக்கினாங்க. ரெண்டும் நல்ல விஷயம். ஆனா முதல்ல சொன்னது எழுத்து, முடிஞ்ச தீர்ப்பு, மனுஷன் சரிபார்க்க டைம் இருக்கு. ரெண்டாவது, டெல்லியில மைக் முன்னாடி ஆங்கிலத்துல பேசுற சீனியர் வக்கீல்கள். நமக்கு வேண்டியது, ஃபேன் சத்தத்துக்கு நடுவுல, மைக் இல்லாத ஹால்ல, பயந்து போய் முணுமுணுக்கிற எங்க ஊர் பெரியவரோட குரல். எங்க பாட்டி பேசினதை என் போன்ல இருந்த ஸ்பீச் டு டெக்ஸ்ட்ல போட்டுப் பாத்தேன். பாதி வார்த்தை சினிமாப் பேரா மாறிடுச்சு. இதெல்லாம் சீக்கிரம் சரியாகலாம். ஆனா அந்தப் பெரியவர் சொன்ன ‘சரிங்க’வை எந்த மாடலும் எழுத்துப் பிசகாம கேட்டு, ‘ஆம்’னு போட்டிருக்கும். நானே அதைத்தானே பண்ணினேன்?

கடைசியா, நீங்களோ உங்க வீட்டு ஆளோ மாட்டினா என்ன பண்றது. கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, ‘எனக்கு இந்த மொழி புரியல, மொழிபெயர்ப்பாளர் வேணும்’னு நீதிபதிகிட்ட நேரா சொல்லுங்க, சொன்னதைப் பதிவு பண்ணச் சொல்லி வக்கீல்கிட்டக் கேளுங்க. சாட்சி சொல்லி முடிச்சா, எழுதினதைப் படிச்சுக் காட்டணும். புரியாத மொழியில எழுதியிருந்தா உங்க மொழியில சொல்லணும். தப்பு இருந்தா அங்கயே சொல்லலாம், நீதிபதி திருத்துவார், இல்ல உங்க ஆட்சேபத்தைக் குறிச்சு வெப்பார். பழைய 278, புது 313. கோர்ட் அவசரத்துல பல பேர் கையெழுத்தைப் போட்டுட்டு இறங்கிடறாங்க. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், காவல்ல இருக்கிறவங்க, இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு. நம்பர் 15100. உங்களை யாராவது ‘வா, கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லு’ன்னு கூப்பிட்டா, முதல்ல சத்தியம் வாங்கச் சொல்லுங்க. சத்தியம் வாங்கினா உங்களுக்கே கொஞ்சம் பயம் வரும், நல்லது. சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. ‘அவர் ஆமாங்கறார்’னு சுருக்காதீங்க. ‘சரிங்கன்னு சொல்றார், எங்க ஊர்ல அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு’ன்னு சொல்ல வெக்கப்படாதீங்க.

அந்த வக்கீலம்மா நம்பரை அன்னிக்கே வாங்கினேன். அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி போன் பண்ணி, ‘நாங்க’, ‘நாம’ விஷயத்தை விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, “இதை ஒரு பேப்பர்ல எழுதி அனுப்ப முடியுமா?”ன்னு கேட்டாங்க. எழுதி அனுப்பினேன். கேஸ் இன்னும் நடக்குது. வாய்தாவுக்கு வர அவருக்குப் பஸ் செலவே கூலியில பெரிய பங்கு போயிடுதாம். போன வாரம் பேசினப்போ, “அடுத்த தடவையும் நீ வருவியா தம்பி?”ன்னு கேட்டார். லீவ் போட்டிருக்கேன். கன்னடம் ஒழுங்காத் தெரிஞ்ச, ஓசூர்க்கார ஃபிரெண்ட் ஒருத்தியையும் கூட்டிட்டுப் போறேன்.